முதல் ஊத்தா

பிளக்ஸ் பேனரில் இருப்பது தன்னுடைய கை என்று ஒச்சாண்டிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாழைக்கறை ஏறிக் கறுத்துப்போன கை. வாழைத்தார் ஏற்றும்போது லாரிக் கதவில் நசுங்கி வளைந்த சுண்டுவிரல். அந்தக் கையில் ஒரு தகரமீன் முள்ளை விரித்துக்கொண்டு கிடந்தது. மணிக்கட்டு வரைக்கும் கை இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய ஒச்சாண்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் அவன் பெண்டாட்டியின் தம்பி பால்பாண்டி, தலையை வழித்துச் சீவி, பவுடர் பூசி, கைகூப்பி நின்றான்.

'நமது கண்மாய், நமது பொறுப்பு. அயல் மீன் அகற்றும் மக்கள் குழு. ஒருங்கிணைப்பாளர் பால்பாண்டி' என்று கீழே போட்டிருந்தது.

டீக்கடை ராக்கப்பன் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்னய்யா ஒச்சாண்டி, ஒன் மச்சினன் கல்யாண மாப்பிள்ளை கணக்கா நிக்கிறான்? பக்கத்துல அது யாரு கை, சுடுகாட்டுல எடுத்த கை மாதிரி?"

"எவன் கையோ" என்றான் ஒச்சாண்டி. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

அன்றைக்கு மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு தோப்பில் வாழைத்தார் வெட்டு. தோளில் சும்மாட்டை வைத்து ஒவ்வொரு தாராகச் சுமந்து வரப்பில் நடந்தபோதெல்லாம் அந்தப் பேனர்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. தாரின் பாரத்தைவிட அது கனத்தது. போன வருசம் ஊத்தாக் கூடையில் விழுந்த அந்த மீனைத் தூக்கிக் காட்டியவன் அவன். "அப்படியே பிடிங்க மச்சான், ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று செல்லை நீட்டியவன் பால்பாண்டி. கையைக் கொடுத்தவனைக் கத்தரித்துவிட்டுக் கையை மட்டும் எடுத்துக்கொண்டான்.

தகரமீன் என்பது ஊர் வைத்த பெயர். உடம்பெல்லாம் தகரத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியது போல ஓடு. கண்ணாடித் தொட்டியில் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று டவுனில் விரல் நீளத்துக்கு வாங்கி வளர்ப்பார்கள். அது முழ நீளம் ஆனதும் கொல்ல மனசில்லாமல், ஏதாவது ஒரு தண்ணீரில் கொண்டுபோய் விட்டுப் புண்ணியம் தேடிக்கொள்வார்கள். அப்படி எவரோ தேடிய புண்ணியம் இந்த ஊர்க் கண்மாய்க்கு வந்து சேர்ந்து பெருகிவிட்டது. கெண்டை இட்ட முட்டை தங்குவதில்லை. கரையில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. வலையில் விழுந்தால் வலை போச்சு. குழம்பு வைக்கலாம் என்றால் அதுவும் ஆகாது. நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு போகும்.

'இந்த மீனை எங்கே பார்த்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள்' என்று தேனியில் ஒரு கல்லூரியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததாம். பஸ் ஸ்டாப்பில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் பால்பாண்டி அனுப்பினான். அந்தக் கல்லூரியின் ஜெபராணி மேடம் காரில் வந்து இறங்கினார். அப்புறம் மீட்டிங், குழு, ஆளுக்கொரு மஞ்சள் டீசர்ட். ஊருக்குள் நாலு பேர் கூடினால் இப்போது பால்பாண்டி பேச்சுத்தான்.

ஒச்சாண்டிக்கு வருசத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. மற்ற நாளெல்லாம் அவன் தார் சுமக்கிறவன். "ஏலே ஒச்சாண்டி, இங்கன வா" என்று தன்னைவிட இளைய தோப்புக்காரன் கூப்பிட்டாலும் போகிறவன். சித்திரையில் கண்மாய்த் தண்ணீர் தொடை மட்டத்துக்கு வற்றி மீன் பிடிக்கிற நாளில் மட்டும், ஊரே ஊத்தாவோடு கரையில் நிற்க, அவன் ஒருத்தன் தனியாக இறங்குவான். முதல் ஊத்தா அவன் குடும்பத்து உரிமை. மூங்கில் குச்சியில் பின்னிய கூடை அது; அடியில் அகலம், மேலே கை நுழைகிற வாய். சேற்றோடு சேர்த்து அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். எடுத்த முதல் மீனைத் தலைக்கு மேலே தூக்கி ஊருக்குக் காட்டி, "கருப்பனுக்கு!" என்று சத்தம் கொடுத்துத் தண்ணீரிலேயே விடுவான். பொம்பளைகள் குலவை போடுவார்கள். ஊர்ப் பெரியவர் முத்துராமலிங்கம் வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்கப்புறம்தான் ஊர் இறங்கும். அவன் செய்தது போலவே வீட்டுக்கு வீடு தங்கள் முதல் மீனைக் கரைக் கருப்பனுக்கென்று விட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பிடிப்பார்கள்.

தோப்பிலிருந்து ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போனால், அவன் உட்காருகிற இடத்தில் பால்பாண்டி உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி முருகம்மாள் விரால் குழம்பு வைத்திருந்தாள். தலைத்துண்டு தம்பியின் தட்டில் கிடந்தது.

"வாங்க மச்சான். பேனரைப் பாத்தீகளா?"

"பாத்தேன், பாத்தேன். கை நல்லா விழுந்திருக்கு."

பால்பாண்டிக்குக் குத்தல் புரியவில்லையோ, புரியாதது போல இருந்தானோ. "அது மேடம் ஆபீஸ்ல டிசைன் பண்ணுனது மச்சான். நான் முழுப் படத்தைத்தான் அனுப்புனேன்" என்றான்.

"ஆமா. கத்தரிக்கோலு தானா வந்து வெட்டிருச்சு."

"வந்ததும் வராததுமா என்ன எகத்தாளம்?" என்றாள் முருகம்மாள். "காலைல இருந்து அலைஞ்சுட்டு வந்து உக்காந்திருக்கான். மேடம் இவனைத் தேனிக்கு வரச் சொல்லிருக்காகளாம், பேசுறதுக்கு. நம்ம வீட்ல எவன் மைக்கைத் தொட்டிருக்கான்?"

ஒச்சாண்டி தன் தட்டைப் பார்த்தான். வால் துண்டு. முள்ளை எடுக்க ஆரம்பித்தான்.

பால்பாண்டி தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "மச்சான், ஒங்ககிட்ட ஒரு காரியம் கேக்கத்தான் வந்தேன். கோவிச்சுக்கிறக் கூடாது."

"சொல்லு மாப்ளே."

"இந்த வருசம் மொத மீனைத் தண்ணில விட வேணாம் மச்சான்."

ஒச்சாண்டியின் கை தட்டிலேயே நின்றது.

"கேளுங்க. தண்ணி கலங்குனதும் கெண்டை ஓடிருது, விரால் சேத்துல பூந்துருது. இந்தத் தகரமீனு இருக்கே, அது ஓடாது. அப்படியே தரையோட ஒட்டிக்கிரும். ஊத்தாவுல மொத மொத ஆப்புடுறது பூராம் அதுதான். வீட்டுக்கு ஒண்ணுன்னு ஊரே கருப்பன் பேரைச் சொல்லி அதைத் திருப்பி விட்டுட்டு வாரோம். அப்புறம் எங்கிட்டு மச்சான் அது ஒழியும்? நீங்க ஒரு ஆளு கரைல போட்டுட்டீகன்னா, ஊரு ஒங்களைப் பாத்துப் போட்டுரும்."

அதில் நியாயம் இருப்பது ஒச்சாண்டிக்குத் தெரியாமல் இல்லை. மூன்று நாலு வருசமாக முதல் ஊத்தாவில் அவன் கையில் தட்டுப்பட்டதும் அந்தச் சொரசொர முதுகுதான். ஆனால் அந்த நியாயம் பால்பாண்டி வாயிலிருந்து வந்ததுதான் அவனுக்கு நெஞ்சைக் கரித்தது.

"எங்க பாட்டன் போட்டான், எங்கப்பன் போட்டான், நான் போடுறேன். ஒருத்தனும் மொத மீனைக் கரையேத்துனதில்லை. இன்னைக்கு மீனை விடாதங்குற. நாளைக்கு ஊத்தாவையும் நானே போடுறேன்னு மஞ்சச் சட்டையை மாட்டிட்டு வருவ."

"ஐயோ மச்சான், நான் ஏன்..."

"கையைக் கழுவு மாப்ளே. சோறு காயுது."

பால்பாண்டி விடவில்லை. விசயம் சாவடிக்கு வந்தது. ஜெபராணி மேடம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கண்மாய் உங்களுடையது, உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யப்போவதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். முத்துராமலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"பஞ்சாயத்துல குழி தோண்டித் தாரோம், பிடிச்ச தகரமீனைப் புதைச்சுக்கிருங்க. அது பிரச்சினை இல்லை. மொத மீனு சமாச்சாரம் ஒச்சாண்டி வீட்டு உரிமை. அவன் சொல்றதுதான் சொல்லு."

சாவடியில் இருந்த அத்தனை கண்ணும் அவன் பக்கம் திரும்பியது. பால்பாண்டி எழுந்து நின்று கைகட்டி, "மச்சான் மனசு வைக்கணும்" என்றான். சந்தனம் அப்பினது போல ஒச்சாண்டிக்கு உடம்பு குளிர்ந்தது. இதை இப்படியே ரெண்டு நாள் ஓட்ட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"கருப்பன்கிட்ட உத்தரவு கேக்கணும்" என்றான்.

கருப்பனிடம் அவன் எதையும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் தோப்பில் தார் இறக்கும்போது, பக்கத்தில் இருந்தவர்களிடம் மெதுவாக ஆரம்பித்தான். "ராத்திரி கருப்பன் கனவுல வந்தான்ப்பா." சொல்லும்போதே தன் குரல் தழுதழுத்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "மொத மீனைக் கரையேத்துனீகன்னா, அதுக்குப் பதிலா வேற உசுரா எடுத்துக்கிருவேன்னான்."

தோப்பில் சொன்னது அவன் வீடு திரும்பும் முன்னே டீக்கடைக்கு வந்திருந்தது. ராக்கப்பன் அதில் கொஞ்சம் சீனி சேர்த்தான். கருப்பன் குதிரையில் வந்ததாகவும், குதிரை ரத்தம் கக்கியதாகவும். தண்ணீர்க் குழாயடியில் அது இன்னும் வளர்ந்தது. டீசர்ட் வாங்கியிருந்த பொம்பளைகள் அதை மடித்து எடுத்துக்கொண்டு ரீசார்ஜ் கடைக்குப் போனார்கள். "பாண்டி, எங்களுக்கு எதுக்குப்பா வம்பு, பிள்ளைகுட்டிக்காரக" என்று மேஜை மேலே வைத்துவிட்டு வந்தார்கள்.

ஒச்சாண்டி டீக்கடையில் உட்கார்ந்து, எதிரே அந்தக் கடையில் மஞ்சள் துணி குவிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ரெண்டாவது டீயும் சொல்லி அதற்குக் காசும் கொடுத்தார் ஒருவர். "அப்புறம் கருப்பன் வேற என்ன சொன்னாக?" என்று பணிவாகக் கேட்டார்.

வீட்டில் முருகம்மாள் அடுப்பு மூட்டவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"எந்த ராத்திரி வந்தாக கருப்பன்?"

"ஏன்?"

"நானும் அதே பாய்லதான படுத்திருந்தேன். நீங்க விட்ட கொறட்டையில கருப்பன் எங்கிட்டு வர? வந்திருந்தா குதிரை மெரண்டு ஓடியிருக்கும்."

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"என் தம்பி மேல பொறாமைன்னா பொறாமைன்னு சொல்லிட்டுப் போங்க. பேனர்ல மூஞ்சி வரலைன்னு வயிறு எரியுதுன்னா எரியுதுன்னு சொல்லுங்க. கருப்பனை எதுக்கு இழுக்குறீக?" அவள் குரல் இறங்கியது. "பவானி மாசமா இருக்கா. வேற உசுரா எடுப்பேன்னு ஊரு பேசுறதைக் கேட்டுட்டு அந்தப் புள்ள சோறு திங்காம கெடக்கு."

பவானி பால்பாண்டியின் பெண்டாட்டி. அவளை ஒச்சாண்டி நினைத்தே பார்க்கவில்லை. அது பொய் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. சொன்னால், நாளைக்கு ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் பால்பாண்டியும் சிரிப்பான். அதை நினைத்ததும் வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

மீன்பிடி நாள் வெயில் ஏறும் முன்பே கரை நிறைந்துவிட்டது. சின்னமனூரிலிருந்தும் ஆள் வந்திருந்தது. கரைக்குக் கீழே ஜேசிபி தோண்டிய குழி காலியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் மஞ்சள் டீசர்ட்டில் பால்பாண்டியும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள். மேடம் வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, செல்லைப் பிடித்தபடி இருந்தார்.

கருப்பனுக்குச் சூடம் காட்டினார்கள். ஒச்சாண்டி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பேச்சு அடங்கியது. தொடை வரை தண்ணீர், முட்டி வரை சேறு. தனக்காக ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டே நடந்தான்.

கூடையை ஓங்கி அமுக்கினான். உள்ளே டமடமவென்று ஒரு மோதல். கையை விட்டான். தகரம்.

கூடையை லேசாகச் சாய்த்தால் போதும், அது போய்விடும். கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அப்படியே செய்தான். ரெண்டடி தள்ளி மறுபடியும் அமுக்கினான். தகரம். அதையும் விட்டான். "என்னப்பா, கருப்பன் கண்ணாமூச்சி ஆடுறானா?" என்று கரையிலிருந்து எவனோ கேட்க, ஒரு சிரிப்பு ஓடியது. மூன்றாவது தடவை இடமாகப் பார்த்து, கோரை ஓரத்தில், அவன் அப்பன் எப்போதும் போடுகிற இடத்தில் போட்டான். ஒரு கெண்டை போதும். வெள்ளையாக வெயிலில் மின்னுகிற ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டால், குலவைச் சத்தத்தில் எல்லாம் மறந்துபோகும்.

உள்ளே ரெண்டு தகரமீன் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடந்தன. ஒன்றின் முள் உள்ளங்கையில் ஏறியது.

கையை உள்ளே வைத்தபடியே கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். இதைத் தூக்கிக் காட்டித் தண்ணீரில் விட்டால் அவன் ஜெயித்தான். ஊர் அதையே செய்யும். பால்பாண்டியின் குழி காலியாகவே கிடக்கும். அடுத்த வருசம் கோரை ஓரத்தில் இதுபோல நாலு கிடக்கும். கரையில் போட்டாலோ, 'பாண்டி சொன்னதைக் கேட்டுட்டாம்ப்பா' என்பார்கள். தேனியில் மைக்கைப் பிடித்து அவனே இதையும் சொல்லுவான்.

ஒரு யோசனை தட்டியது. கெட்ட யோசனைதான். ஆனால் பிடித்திருந்தது.

ஒரு மீனை எடுத்துக்கொண்டு கரையேறி, ஊத்தாவைக் கீழே வைத்தான். ஊர் விலகி வழிவிட்டது. நேராகப் பால்பாண்டியின் முன்னால் போய் நின்று, அவன் ரெண்டு கையையும் இழுத்து அதில் மீனை வைத்தான்.

"இந்தா மாப்ளே. நீதான ஒருங்கிணைப்பாளர்? குழியில நீயே போடு. கருப்பன் கேட்டா நீ பதில் சொல்லிக்க."

தண்ணீரைக் காணாத மீன் ஓட்டை உரசிக் கறகறவென்று சத்தம் கொடுத்தது. பால்பாண்டி குழியைப் பார்த்தான். குழி ரெண்டடி தூரத்தில் இருந்தது. அப்புறம் கண்மாயைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் முருகம்மாள் பக்கத்தில் வயிற்றைத் தாங்கி உட்கார்ந்திருந்த பவானியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"போடுப்பா" என்றது ஒரு குரல். "வேணாம்யா" என்றது இன்னொன்று.

பால்பாண்டியின் உதடு காய்ந்துபோயிருந்தது. முள் குத்திய இடத்தில் ரத்தம் வந்து மஞ்சள் டீசர்ட்டில் சொட்டியது. "மச்சான்" என்றான், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில். "கருப்பன் நெசமாவே சொன்னாகளா?"

இதற்காகத்தான் ஒச்சாண்டி இத்தனை நாளாகக் காத்திருந்தான். பவுடர் பூசின அந்த மூஞ்சியில் பயம் வழிவதைப் பார்க்க வேண்டும் என்று. பார்த்தாயிற்று. இனிக்கும் என்று வாயில் போட்டது சவசவ என்று இருந்தது. இவன் பயப்படுவது கருப்பனுக்கா? வாழைத்தோப்பில் ஒருத்தன் உளறிய உளறலுக்கு.

ஆனாலும் அவன் கண் அந்தக் கையிலேயே இருந்தது. இந்தப் பயல் ஒருவேளை துணிந்து போட்டுவிட்டால்? பயத்தை மீறிப் போட்டுவிட்டான் என்றால்? கண்மாய் வழக்கத்தை முதன்முதலாக முறித்தவன் பால்பாண்டி என்று ஊர் பேசும். இன்னும் ஐம்பது வருசம் பேசும். பால்பாண்டியின் விரல்கள் மெதுவாகப் பிரிவது தெரிந்தது.

"விடுறா!" என்று மீனைப் பறித்தான். "மொத மீனு எங்க வீட்டு உரிமை. விடுறதும் நாங்கதான், விடாததும் நாங்கதான். இதுல கை வைக்க நீ யாரு?"

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான். "கருப்பன் கனவுல ஒண்ணும் வரலை! நான்தான் சொன்னேன். பொய்யி! கோவம்னா கருப்பன் என்கிட்ட வரட்டும். என் வீடு அந்தா தெரியுது."

மீனைக் குழியில் எறிந்தான். அது அடியில் மண்ணில் விழுந்த சத்தம் கேட்டது. பொய் என்று ஊரிலேயே நன்றாகத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். இருந்தும் கருப்பன் இருக்கிற திக்கைப் பார்க்காமல் நின்றான்.

ஒருவரும் குலவை போடவில்லை. முத்துராமலிங்கம், "பொய்யி சொன்னதுக்கு ஒன்னைய சாவடியில வச்சுக் கேட்டுக்கிறேன்டா, கூறுகெட்ட பயலே" என்றார். பிறகு தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி வீசினார்.

ஊர் இறங்கியது. தண்ணீர் கலங்கிச் சேறாகத் தெறித்தது. முதல் தகரமீன் கண்மாயிலிருந்து பறந்து வந்து குழியின் விளிம்பில் விழுந்தது. எவளோ ஒரு பொம்பளை எறிந்தது. அடுத்தது வந்தது. பிறகு ஒன்றிரண்டு பேர் பயந்துகொண்டு தண்ணீரிலேயே விட்டதையும் ஒச்சாண்டி பார்த்தான். மற்றவர்கள் எறிந்துகொண்டிருந்தார்கள்.

பவானி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை முறைத்தாள். முருகம்மாள் அவனைத் தாண்டிப் போனாள். ஆனால் போகிற போக்கில் அவன் கையைப் பிடித்துத் திருப்பி, முள் குத்திய இடத்தைப் பார்த்துவிட்டு விட்டாள்.

ஜெபராணி மேடம் செல்லோடு வந்தார். "பால்பாண்டி, இன்னைக்கு நடந்ததைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்."

பால்பாண்டி கையிலிருந்த ரத்தத்தை டீசர்ட்டில் துடைத்தான். "என்னைய எடுக்காதீக மேடம். நான் பயந்துட்டேன். இவுகளை எடுங்க. எங்க மச்சான். இவுக இல்லாட்டி இன்னைக்கு ஒண்ணும் நடந்திருக்காது" என்று ஒச்சாண்டியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

மேடம் செல்லைத் திருப்பினார். ஒச்சாண்டி நிமிர்ந்து நின்றான், தலைமயிரை ஒதுக்கிவிட்டுக்கொண்டான். கூட்டத்தில் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்வது காதில் விழுந்தது: "பாண்டிப் பயலைப் பாரு, என்ன பெருந்தன்மை! தான் பட்ட பாட்டைத் தூக்கி மச்சானுக்குக் கொடுத்துட்டானே. இந்த மனசு எவனுக்கு வரும்?"

ஒச்சாண்டி தலைமயிரிலிருந்து கையை இறக்கினான். பயலே, இதிலுமா!

"சொல்லுங்க ஐயா" என்றார் மேடம்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றான். பால்பாண்டியின் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டான். "அந்தக் கோரை ஓரத்துல இன்னும் கெடக்கு. வேலை கெடக்குற நேரத்துல பேச்சென்ன?"

ஊத்தாவை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினான். பின்னால் பால்பாண்டியும் ஒரு ஊத்தாவோடு இறங்கும் சத்தம் கேட்டது. ஒச்சாண்டி திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டான்.